சுரங்கத்துக்குள் நின்ற ரயிலும் நீ சொன்ன புழுத்துளையும்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அட்டன் தபாலாபீசில் தோட்டத்துக் கடிதங்களை வாங்கிப் பைக்குள் அடுக்கும்போதே உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். தொரையின் கடிதங்களைப் பையில் போட்டு, உன்னுடையதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வழியில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து படித்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தோட்டத்துத் தபாலைச் சுமக்கிறேன். எனக்கென்று வருகிற கடிதத்தை வீடு வரைக்கும் பிரிக்காமல் கொண்டுபோகிற பொறுமை மட்டும் இன்னும் வரவில்லை. சீமையில் மேற்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மதகை விட்டு எழுந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து மஸ்கெலியா பஸ் போனது. அதில் இருந்தவர்கள் எல்லாம், இந்த ஆள் ஏன் தனியாக நின்று சிரிக்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த பக்கத்தைப் படித்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை கண்டிக்குப் போய், இந்திய அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, இந்தியக் கடவுச்சீட்டு வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது கையில் வந்தால் சீமைக்குப் போகலாம், சரி. படித்து முடித்துத் திரும்புகிறபோது உன் வீடு தலைமன்னார்க் கடலுக்கு அந்தப் பக்கம் என்று ஆகிவிடும் என்பது உனக்கும் தெரியும். போன வருடம் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து நம் ஆட்களை இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்த பிறகு, இது ஒன்றும் விளையாட்டில்லை. உன் முடிவில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்கு நீ சொன்ன காரணம் என்னைச் சுட்டுவிட்டது. “நாம போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு இந்த நாடு பதிலே சொல்லலீங்கப்பா. பதில் சொல்லாதவங்க வாசல்ல இன்னும் எத்தனை வருஷம் நிக்கிறது?” என்று நீ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் பதினாலு வருடமாக இருக்கிறது. நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் அது உன் கைக்கு வந்தாக வேண்டும். நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு நீ வந்திருந்த இரண்டாம் நாள் ஞாபகம் இருக்கிறதா? கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து அம்மா விறகுக்காக ஒரு கட்டு மிலாறு சுமந்துவந்து வாசல் திண்ணை இஸ்தோப்பில் போட்டிருந்தாள். நான் வழக்கம்போல உன்னை நச்சரித்துக்கொண்டிருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய், உன் வாத்தியார் உனக்கு மேற்கொண்டு எதைப் படிக்கச் சொல்கிறார் என்று. லயத்து வீடுகளில் எனக்கு “ஏன்-எதுக்கு” என்று பட்டப்பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். நீ அந்தக் கட்டிலிருந்து ஒரு கொப்பை உருவி, கத்தியால் நீளவாக்கில் பிளந்தாய். உள்ளே சின்னக் கறுப்பு வண்டு துளைத்த வழி தெரிந்தது. “அப்பா, இந்த வண்டு கொப்போட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்குப் போகணும்னா மேல ஊர்ந்து சுத்திக்கிட்டுப் போவணும். இது என்ன பண்ணிருக்கு பாருங்க, நடுவுல துளைச்சுக்கிட்டு நேரா போயிருச்சு. ஆகாசத்துலயும் இந்த மாதிரி ஒரு துளை இருக்கலாம்னு கணக்கு சொல்லுதுங்கப்பா. புழுத்துளைன்னு பேரு வச்சிருக்காங்க.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆகாசம் என்னடா கொப்பா, அதுல துளைக்க?” என்று கேட்டாள். நான் கேட்க நினைத்ததும் அதைத்தான். நீ சிரிக்காமல் அவளுக்குப் பதில் சொன்னாய், அது எனக்குப் பெருமையாக இருந்தது. “வெறும் இடம்னு நாம நெனைக்கிறது வெறும் இடம் இல்லீங்கம்மா. பாரமான சாமான் இருந்தா அது வளையும். சூரியனைச் சுத்தி அப்படித்தான் வளைஞ்சிருக்கு. அந்த வளைவுலதான் பூமி ஓடிக்கிட்டு இருக்கு” என்றாய். அப்படி வளைகிற இடம், ரொம்பப் பாரத்தில் ஒரு தொண்டை மாதிரிக் குறுகி, வேறொரு இடத்தில் வாய் திறக்கலாம் என்று முப்பது வருடத்துக்கு முன்பே இரண்டு பெரிய அறிஞர்கள் கணக்குப் போட்டுவிட்டார்களாம். அவர்கள் அதைப் பாலம் என்றார்களாம். புழுத்துளை என்ற பெயர் பிறகு வந்ததாம். அணுவுக்குள் இருக்கிற துகளே இப்படிப்பட்ட பாலமாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள் என்றும், மின்சாரம் என்று நாம் நினைப்பதே ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் வெளிவருகிற கோடுகளாக இருக்கலாம் என்று இப்போது சிலர் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாய். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிதான் பிடித்திருந்தது.

அப்புறம் சின்னதிலும் சின்னதாகப் போனால் இடமே நுரைத்துக்கொண்டிருக்குமாம், துளைகள் திறந்து திறந்து மூடுமாம் என்றாய். இது எனக்கு உடனே பிடிபட்டது. எதிர் மலையிலிருந்து பார்த்தால் நம் மலை பச்சைப் பாய் விரித்த மாதிரி வழவழவென்று இருக்கும். கிட்டே வந்தால்தானே செடி செடியாக, தண்ணீர் ஓடுகிற கான் கானாக, கல்லும் அட்டையுமாக இருப்பது தெரிகிறது. “அதேதாங்கப்பா!” என்று நீ துள்ளினாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு நாள் மிதப்பாகத் திரிந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணியிடம்கூட இதை விளக்கப் பார்த்தேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் விடாமல், “சரிடா, அதுக்குள்ள ஒரு ஆளு போனா அந்தப் பக்கம் எப்ப வருவான்?” என்று கேட்டேன். நீ கொப்பைக் கீழே வைத்தாய். “வரமாட்டாங்கப்பா. மூணு வருஷத்துக்கு முந்தி அதையும் கணக்குப் பண்ணிட்டாங்க. பாலம் திறக்கும். ஆனா நிக்காது. வெளிச்சத்தைவிட வேகமா போற சாமானே கிடையாது, அந்த வெளிச்சமே பாதி வழி போறதுக்குள்ள தொண்டை அத்துப் போயிரும். உள்ள போனது உள்ளதான்” என்றாய். அம்மா, “ஓட்ட விழுந்த கொப்பு பாரம் தாங்காது. கொழுந்து எடுக்கக் கை வச்சாலே படக்குன்னு முறியும். இதுக்கு எதுக்குடா அம்புட்டுப் படிப்பு?” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியானால் ஒன்றுக்கும் உதவாத துளையைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அது ஏன் மூடுகிறது என்று தெரிந்தால், இயற்கை குறுக்குவழியை எங்கே அனுமதிக்கிறது, எங்கே அனுமதிப்பதில்லை என்று தெரியும், அதுதான் பெரிய விஷயம் என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, “என்னாச்சுங்கப்பா?” என்றாய். ஒன்றுமில்லை, அடுப்புப் புகை என்று சொன்னேன். அது புகைதான், ஆனால் அன்றைய புகை இல்லை.

ஐம்பத்தொன்றாம் வருடம். உனக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. இந்த நாட்டுப் பிரஜை என்று பதிந்துகொள்ள விண்ணப்பம் போடச் சட்டம் வந்து, கெடுவும் வைத்திருந்தார்கள். முதலில் தொழிலாளர் சங்கத்தில் யாரும் போடாதீர்கள் என்றார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் எதற்குப் போய்ப் பிச்சை கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் ரோஷம், எனக்கும்தான். கெடு நெருங்கியதும், எல்லோரும் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஆறு லயமும் என் வீட்டு வாசலில் நின்றது. ஒவ்வொருவருடைய விண்ணப்பத்தையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, ரோட்டு வழியாகச் சுமந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கொட்டுகிற மழை, ஒரு கடுதாசி நனையவில்லை. நம்முடையதை மட்டும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா தினமும் கேட்பாள். “பை என் தோள்லதானே தொங்குது, எங்க போயிரும்?” என்பேன். பையைச் சுமக்கிறவன் தன் கடிதத்துக்கு அவசரப்படமாட்டான், தம்பி. தபாலே தன்னுடையது என்று நினைத்துக்கொள்வான். அந்த மடத்தனம் வேறு யாருக்கும் வந்திருக்காது.

கடைசித் தபால் நாளும் வந்தது, நம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து ஆபீசில் தொரையின் கடிதங்கள் தயாராகவில்லை. கிளாக்கர் ஐயா தட்டெழுத்தை முடித்துப் பையைக் கட்டிக் கொடுத்தபோது, ரோட்டு வழியாகப் போனால் பதிவுத் தபால் ஜன்னல் மூடிவிடும் என்று கணக்குப் போட்டேன். ரயில் சுரங்கம் வழியாகப் போனால் பாதித் தூரம் மிச்சம். ரயில்வேக்காரர்கள் பார்த்தால் பிடித்துக்கொடுப்பார்கள். ஆனாலும் அதற்குமுன் இரண்டு முறை போயிருக்கிறேன், அவசரத்துக்கு அல்ல. ரோட்டுக்கு எத்தனை எட்டு, சுரங்கத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்க்கிற ஆசைதான். ஏன்-எதுக்கு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? பயணிகள் ரயில் வருகிற நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். சாமான் ரயிலுக்கு நேரமே கிடையாது என்பதை மட்டும் நினைக்கவில்லை.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது. சுவரில் ஆள் ஒதுங்க வெட்டிவிட்டிருக்கிற மாடத்துக்குள் பையோடு ஒடுங்கினேன். இஞ்சின் என்னைத் தாண்டிப் போயிற்று, பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, போய்விடும் என்று நினைத்தேன். மழையில் நனைந்த தண்டவாளம், இஞ்சின் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது, சுற்றுகிறது, நகரவில்லை. நின்றேவிட்டது. புகையும் ஆவியும் என் பக்கம் திரும்பிவந்து அடைத்துக்கொண்டன. முன் வாயும் தெரியவில்லை, பின் வாயும் தெரியவில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை. சட்டையைக் கழற்றி மூக்கில் கட்டிக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நேரத்திலும், வெளியே ஓடுகிற நேரமும் இந்தப் புகைக்குள் ஓடுகிற நேரமும் ஒன்றுதானா என்று ஒரு யோசனை ஓடியது, கேட்டால் சிரிப்பாய். ரயில் மெல்ல அசைந்து போனபிறகு இருமிக்கொண்டே நான் அட்டன் பக்கம் வெளியே வந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மறுநாள் நம் விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பினேன். தொரையின் கடிதங்களுக்கு ஒரு நாள் பிந்தியதால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வரும்முன் பீலித் தண்ணீரில் முகத்தையும் சட்டையையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு, எல்லாம் நேரத்தோடு சேர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. அதையும் நானேதான் சுமந்துவந்தேன். கெடு தாண்டி வந்ததால் ஏற்க முடியாது என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. இத்தனை நாளுக்குள் காரணம் காட்டி மேல்மனுச் செய்யலாம் என்று. தம்பி, என் தப்பு சுரங்கத்துக்குள் போனது என்றுதான் நீ இதுவரை படித்துக்கொண்டு வந்திருப்பாய். அது தப்பில்லை, அவசரம். மேல்மனுப் போட்டிருந்தால் ரயில் நின்றதற்கு ஸ்டேஷனிலேயே எழுத்தில் சாட்சி வாங்கியிருக்கலாம். ஆனால் மனுப் போட வேண்டுமானால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், சங்கத்தில் சொல்ல வேண்டும். ஆறு லயத்துத் தபாலையும் பத்திரமாகச் சேர்த்தவன் தன் பிள்ளையின் கடுதாசியைப் பிந்தவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெட்கம் என்னைத் தின்றது. கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் அடியில் விரித்த தாளுக்குக் கீழே வைத்துவிட்டேன். அந்த நாட்களும் கழிந்தன. பதில் வந்ததா என்று அம்மா கேட்டபோதெல்லாம் இன்னும் இல்லை என்றேன். நீ வளர்ந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். நம் லயங்களில் நேரத்தோடு போட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. நமக்கும் அப்படித்தான் வந்திருக்குமோ, இல்லை உனக்குக் கிடைத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. எதையும் தெரிந்துகொள்ளத் துடிக்கிற எனக்கு, தெரிந்துகொள்ள வழியில்லாத ஒன்றை நானே செய்துவைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா என்று கண்டியில் ஒரு வக்கீலிடம் காட்டு. இல்லை என்று சொன்னால் அதையாவது தெரிந்துகொள்ளலாம். பிறகும் இந்தியக் கடவுச்சீட்டுத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடு. சீமைக்குப் போ, அந்தத் துளை ஏன் மூடுகிறது என்று கண்டுபிடி, நான் கர்வத்தோடு எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆனால் பதில் சொல்லவில்லை என்ற கோபத்தில் போடாதே. பதில் சொன்னார்கள், உன் கையில் சேர்க்காதவன் நான். அந்தக் கோபம் எனக்கு வரவேண்டியது, அதை வேறு முகவரிக்கு அனுப்பிவிடாதே. நீயும் ஒருநாள் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்வாய், எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் முதலில் பார்க்கிற ஆளிடம் சொல்லிவிடு. நான் சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்குத் திட்டியிருப்பாள், மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள்.

உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. நம் சுரங்கம் தோண்டிய காலத்திலும் மலை உள்ளே சரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். உள்பக்கம் செங்கல் வைத்து வளைவு கட்டித் தாங்கியிருக்கிறார்கள், அந்த மாடத்தில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் உறுத்தியது. உங்கள் துளைக்கும் உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஏதாவது சாமான் இருந்தால் மூடாமல் நிற்குமா? அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்க முடியுமா, முடியாதா? உன் வாத்தியாரிடம் கேட்டுப் பார். யார் கேட்டது என்று அவர் கேட்டால், தபால்காரர் என்று சொல்.

இவ்வளவும் எழுதி முடித்து, உனக்கு அனுப்புமுன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுதும் வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுரங்கம் வந்தபோதும் கை நிற்கவில்லை. பெட்டியில் வைத்த கடிதம் வந்தபோதும் நிற்கவில்லை. நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்புடித் தெரியும்?”

“மூஞ்சிய பீலியில கழுவிட்டு வந்தீங்க. காதுக்குப் பின்னால யாரு கழுவுறது? கருகருன்னு கரி. ரோட்டு வழியா வந்தவருக்கு ஏதுங்க கரி?”

“பதினாலு வருஷமா ஏன் கேக்கல?”

“பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு தினம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? நீங்கதான் சொல்லல.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “கண்டிக்குப் போறதுக்கு முந்தி ஒரு நா வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்க. எங்க கையெழுத்துப் போட்டாலும் என் புள்ளதான். ஆனா முடிவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போகணும். அப்பனாட்டம் கழுவிட்டு வந்து நிக்க வேணாம், நான் காதுக்குப் பின்னால பாப்பேன்னு எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன். நாளைக் காலையில் இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன், ரோட்டு வழியாகப் போய்.

உன் அப்பா